மூக்கில் வளரும் சாதுக் கட்டியும் அதன் சுபாவ மாற்றமும்

மனித சரீரத்தில் தோன்றும் கட்டிகளை வைத்திய சாஸ்திரம் நெடுங்காலமாக இரண்டு குலமாகப் பிரித்து வந்திருக்கிறது. பிறந்த இடத்திலேயே வளர்ந்து, அக்கம்பக்கத்து உறுப்புகளை நெருக்கினாலும் அவற்றைத் துளைத்துக்கொண்டு உட்புகாமலும், தூரத்திலுள்ள ஈரலுக்கோ சுவாசப்பைக்கோ குடிபெயராமலும் இருப்பது சாதுக் கட்டி. எல்லையை மீறிப் படர்ந்து, இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் சென்று வேறிடங்களில் வேரூன்றுவது புற்று. இந்தப் பாகுபாடு எவ்வளவு முக்கியமானதென்பதைத் திசுப் பரிசோதனையின் முடிவுக்காக ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆயினும், மனிதன் வகுத்துக்கொண்ட பிரிவுகளுக்கெல்லாம் இயற்கை கட்டுப்பட்டு நடக்க வேண்டுமென்ற நியதி எதுவும் இல்லை. நுண்ணோக்கியின் கீழ்ப் பார்க்கும்போது சாந்தமாகவும், எலும்பின் நடுவே வளரும்போது முரட்டுத்தனமாகவும் நடந்துகொள்ளும் கட்டிகள் சில உண்டு. மூக்கினுள் தோன்றும் ‘இன்வெர்ட்டட் பாப்பிலோமா’ அத்தகையது. அபூர்வமான இந்தக் கட்டி, புற்றுநோய் எவ்வாறு பிறக்கிறது என்ற பெரிய கேள்விக்கு இந்த நூற்றாண்டில் எதிர்பாராத வெளிச்சம் தந்திருக்கிறது.

லட்சம் பேரை எடுத்துக்கொண்டால் ஆண்டொன்றுக்கு ஒருவருக்குக்கூட இது வருவதில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பது, அறுபது வயதைத் தொட்டவர்கள். பெண்களைவிட ஆண்களே இரண்டு மூன்று மடங்கு அதிகம். முதலில் ஒரு பக்கத்து மூக்கு அடைத்துக்கொள்ளும். சில சமயம் சளியோடு சிறிது இரத்தம் கலந்து வரும். சிலருக்கு வாசனை தெரியாமல் போகும். சளி என்று எண்ணி மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டும் ஆவி பிடித்துக்கொண்டும் இருந்துவிட்டு, ஒருநாள் வைத்தியரிடம் போனால், ‘மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது’ என்று அவர் சொல்லுவார். சதை வளர்ச்சி என்பது பொதுப்படையான வார்த்தை. ஒவ்வாமையினாலும் ஆஸ்துமாவோடு சேர்ந்தும் உண்டாகும் சாதாரணச் சதை பெரும்பாலும் இரண்டு நாசிகளிலும் திராட்சைக் குலைபோலத் தொங்கும். அதற்கும் புற்றுக்கும் சம்பந்தமில்லை. ஒரே பக்கத்தில் மட்டும் வளரும் சதையோ வேறு ஜாதி. அதைச் சோதித்துப் பார்க்காமல் மருந்தெழுதி அனுப்புவது எவ்வளவு பெரிய வைத்தியராயினும் செய்யத்தகாத காரியம் என்றே நான் கருதுகிறேன்.

மூக்கின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு ஜெர்மனியின் விட்டன்பர்க் சர்வகலாசாலையில் பேராசிரியராயிருந்த கொன்ராட் விக்டர் ஷ்னைடரின் பெயர் இன்றளவும் வழங்கி வருகிறது. சளியென்பது மூளையிலிருந்து வடிந்து மூக்கின் வழியாக இறங்குகிறது என்று ஐரோப்பிய வைத்தியர்கள் பல நூற்றாண்டுகளாக நம்பியிருந்த காலத்தில், அது மூளையிலிருந்து வருவதன்று, மூக்கின் சவ்வே அதைச் சுரக்கிறது என்று 1660-களில் விஸ்தாரமாக எழுதி ஸ்தாபித்தவர் அவர். நுண்ணிய ரோமங்களையுடைய உயிரணுக்களால் ஆன அந்தச் சவ்விலிருந்துதான் நம் கட்டி முளைக்கிறது. அதுவும் பெரும்பாலும் மூக்கின் பக்கச் சுவரில், கன்ன எலும்பின் காற்றறைக்கு வாயில் அமைந்திருக்கும் இடத்தின் அருகே.

1854-இல் வார்ட் என்ற ஆங்கிலேய வைத்தியர் இதனை முதன்முதலில் வருணித்தார் என்பர். அடுத்த ஆண்டிலேயே, பிற்காலத்தில் வயிற்று ரண சிகிச்சையின் பிதாமகர் என்று புகழப்பட்ட தியோடர் பில்ரோத் இத்தகைய கட்டியைக் கண்டு, அதனைப் புற்றின் ஒரு வகையாகவே பெயரிட்டு எழுதினார். பிற்பாடு வந்தவர்கள் அதனைச் சாதுவென்று தீர்ப்பளித்தார்கள். அதற்கும் பிற்பாடு வந்தவர்கள் அந்தத் தீர்ப்புக்குப் பல நிபந்தனைகள் விதிக்க வேண்டியதாயிற்று. 1938-இல் ஸ்வீடன் தேசத்து நோய்க்குறியியல் நிபுணர் நில்ஸ் ரிங்கெர்ட்ஸ், இதன் முக்கியமான லட்சணத்தைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். சாதாரண மரு போன்றவை வெளிநோக்கி விரல் விரலாக நீட்டிக்கொண்டு வளர, இதுவோ தன் மேற்றோலையே மடித்துத் தனக்கு அடியிலுள்ள திசுவுக்குள் அமிழ்த்திக்கொண்டு வளர்கிறது. இவ்வாறு அமிழ்ந்தாலும், மேற்றோலையும் அடித்திசுவையும் பிரித்து நிற்கும் மெல்லிய அடித்தளப் படலத்தை இது கிழிப்பதில்லை. அந்தப் படலம் அப்படியே இருக்கும் வரையில் கட்டி சாது; அது கிழிந்து உயிரணுக்கள் அப்பால் சிதறிவிட்டால் புற்று. இரண்டு குலங்களுக்கும் நடுவேயுள்ள எல்லை இங்கே அவ்வளவு மெல்லியதாக இருக்கிறது.

வாஷிங்டனிலிருந்த ராணுவ நோய்க்குறியியல் நிலையத்தைச் சேர்ந்த வின்சென்ட் ஹையம்ஸ், தம்மிடம் சேர்ந்திருந்த 315 கட்டிகளை ஆராய்ந்து, 1971-இல் மூக்கின் பாப்பிலோமாக்களை மூன்று வகையாக வகுத்தார். மூக்கின் நடுத்தண்டில் காளான்போல் வெளிநோக்கி வளர்வது ஒன்று. உள்நோக்கி மடிவது இரண்டாவது. உருளை வடிவான, செந்நிறம் பாய்ந்த உயிரணுக்களையுடைய மிக அபூர்வமான வகை மூன்றாவது. முதல் வகை புற்றாவது அருமையிலும் அருமை. பின்னிரண்டுமே கவலைக்குரியவை.

எவ்வளவு கவலை? ஏற்கெனவே வெளிவந்த கட்டுரைகளையெல்லாம் திரட்டி இங்கிலாந்தின் நாட்டிங்காம் வைத்தியர்கள் 2007-இல் செய்த கணக்கின்படி, உள்நோக்கி மடியும் கட்டியுள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேருக்குக் கட்டியைக் கண்டுபிடித்த அந்தச் சமயத்திலேயே உள்ளே புற்று இருந்திருக்கிறது. இன்னும் நூற்றுக்கு 3 அல்லது 4 பேருக்கு, சாதுவென்று எடுத்தெறிந்த பிற்பாடு, சராசரியாக நாலரை ஆண்டுகளுக்குச் சற்று முன்பின்னாக, அதே இடத்தில் புற்று தோன்றியிருக்கிறது. கூட்டிப் பார்த்தால் பத்தில் ஒருவர் என்றாகிறது. ஆனால், இத்தகைய நோயாளிகள் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கே அனுப்பப்படுவதாலும், கடினமான நோயாளிகளைப் பற்றியே கட்டுரைகள் எழுதப்படுவதாலும், உண்மை விகிதம் இதைவிடக் குறைவாகவும் இருக்கக்கூடும் என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வாறாயினும், எஞ்சிய ஒன்பது பேருக்கு வராத மாற்றம் அந்த ஒருவருக்கு மட்டும் ஏன் வருகிறது என்பதுதான் விஷயம்.

இதற்கு விடை தேடப் புறப்பட்டவர்கள், மூக்கைவிட்டு வெகுதூரம் விலகி, பிறந்து சில நாளேயான எலிக்குஞ்சுகளின் கண்ணிமைகள் வரையில் போக வேண்டியிருந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்தில் ரீட்டா லெவி-மொந்தால்சினி என்ற இத்தாலிய அம்மையார் நரம்புகளை வளரச் செய்யும் ஒரு பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அவருடன் பணியாற்றிய ரசாயன நிபுணர் ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைக் குஞ்சுகளுக்குச் செலுத்திப் பார்த்தார். சாதாரணமாக இரண்டு வாரம் ஆகும்போது திறக்க வேண்டிய இமைகள் ஏறக்குறைய ஒரே வாரத்தில் திறந்துகொண்டன. பற்களும் காலத்துக்கு முன்னே முளைத்தன. நரம்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வேறொருவராயிருந்தால் ஒதுக்கியிருப்பார். கோஹன் அதைப் பின்தொடர்ந்து, மேற்றோலை வளரச் செய்யும் சிறிய புரதமொன்றைப் பிரித்தெடுத்து 1962-இல் வெளியிட்டார். 53 அமினோ அமிலங்கள் கோத்த அந்தப் புரதமே மேற்றோல் வளர்ச்சிக் காரணி. 1986-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

வளர்ச்சிக் காரணி தானாக எதையும் செய்வதில்லை. உயிரணுவின் வெளிச்சவ்வில் ஊடுருவி நிற்கும் ஏற்பி என்ற பெரிய புரதத்தின் வெளித்தலையில் அது வந்து பற்றிக்கொள்ளும்போது, ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைகின்றன. இணைந்தவுடன் உயிரணுவுக்குள் நீண்டிருக்கும் அவற்றின் வால்பகுதிகள் விழிப்படைந்து, ஒன்றின்மேலொன்று பாஸ்பேட் என்னும் ரசாயன முத்திரையைப் பதிக்கின்றன. அந்த முத்திரையைக் கண்டு வரிசையாக வேறு பல புரதங்கள் எழுந்து, ‘பிரிந்து பெருகுக’ என்ற கட்டளையை உயிரணுவின் கருவுக்குக் கொண்டுசேர்க்கின்றன. வேலை முடிந்ததும் ஏற்பி உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டு அழிக்கப்படுகிறது. தோலில் காயம் ஆறுவதும், குடலின் உட்போர்வை புதுப்பிக்கப்படுவதும் இந்த ஒழுங்கினால்தான். 1984-இல் இந்த ஏற்பியின் அமைப்பைப் படித்தபோது, லண்டனில் மைக்கேல் வாட்டர்ஃபீல்டும் அவருடைய சகாக்களும் திடுக்கிடத்தக்க ஒற்றுமையொன்றைக் கண்டார்கள். கோழிகளுக்கு இரத்தப் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸ் தன்னுடன் சுமந்து திரியும் மரபணு, இந்த ஏற்பியின் மரபணுவே. ஆனால் காரணி வந்து பற்றிக்கொள்ளும் வெளித்தலை மட்டும் வெட்டுண்டது. தலையில்லாத ஏற்பி யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஓயாது கட்டளையிட்டுக்கொண்டேயிருந்தது. உடலின் நல்ல ஒழுங்குக்கென்று அமைந்த கருவியே சிதைந்த உருவில் புற்றுக்குக் காரணமாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

இந்த ஞானம் மூக்கு நிபுணர்களின் கைக்கு வந்துசேரச் சில காலம் பிடித்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் ஆரம்ப ஆண்டுகளில் ஜப்பானின் யோக்கோஹாமாவிலும் பிற இடங்களிலும் ஆய்வாளர்கள், வெட்டியெடுத்த பாப்பிலோமாக்களில் இந்த ஏற்பியைச் சாயமேற்றிப் பார்த்தார்கள். சாதுவான கட்டியில் குறைவாகவும், உயிரணுக்கள் ஒழுங்கு குலையத் தொடங்கிய கட்டியில் அதிகமாகவும், புற்றாகிவிட்ட கட்டியிலும் அவ்வாறே மிகுதியாகவும் சாயம் பிடித்தது; ஏற்பியைத் தூண்டக்கூடிய இன்னொரு காரணியும் கூடவே அதிகரித்திருந்தது. ஏற்பி பெருகப் பெருகப் புற்று நெருங்குகிறது என்று அக்காலத்தில் முடிவுகட்டினார்கள். முடிவு தவறென்று சொல்ல முடியாது. ஆயினும், சாயமேற்றும் முறையானது ஏற்பி எவ்வளவு இருக்கிறதென்று காட்டுமேயன்றி, இருக்கிற ஏற்பி எப்படிப்பட்டதென்று காட்டாது. எண்ணிக்கையைப் பார்த்தார்கள், உருவத்தைப் பார்க்கவில்லை.

உருவத்தைப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள். 2015-இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், உள்நோக்கி மடியும் பாப்பிலோமாக்களில் நூற்றுக்கு 88-இல் இந்த ஏற்பியின் மரபணுவே மாறியிருந்ததென்றும், அவற்றிலிருந்து பிறந்த புற்றுகளில் நூற்றுக்கு 77-இல் மாற்றம் இருந்ததென்றும் தெரிவித்தார்கள். பாப்பிலோமாவின் சம்பந்தமின்றி மூக்கில் நேராகத் தோன்றிய புற்றுகளில் அது காணப்படவில்லை. ஒரே நோயாளியின் சாதுக் கட்டியையும் புற்றையும் ஒப்பிட்டபோது இரண்டிலும் அதே மாற்றம், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக, இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் தற்செயலாகத் தோன்றிய இரண்டு நோய்கள் அல்ல இவை, ஒன்றின் வயிற்றில் மற்றொன்று பிறந்தது என்பதற்கு இது மறுக்கவொண்ணாத சாட்சியம்.

மாற்றத்தின் தன்மையும் விசித்திரமானது. ஏற்பியின் மரபணு பல துண்டங்களாக அமைந்தது. அதில் 20-ஆம் எக்ஸான் என்ற துண்டத்தில் சில எழுத்துகள் கூடுதலாக நுழைந்திருந்தன. அவை மூன்றின் மடங்காகவே நுழைந்திருந்தபடியால் மற்ற வாக்கியம் சிதையவில்லை. புரதத்தில் ஒன்றிரண்டு அமினோ அமிலங்களோ சிலவோ அதிகமாயின, அவ்வளவே. ஆனால், அவை அதிகமான இடம் ஏற்பியின் உள்வாலில் மிக நுட்பமான வளைவொன்றையடுத்த இடம். அங்கே புகுந்த அந்நியத் துணுக்கு அந்த வளைவை ஒருக்களித்துத் தள்ளி, விழித்த நிலையிலேயே நிறுத்திவிடுகிறது. வாசலில் ஆள் வந்து அழுத்தினால் மட்டும் ஒலிக்க வேண்டிய அழைப்பு மணியின் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டால், தெருவில் ஒருவருமில்லாத நடுநிசியிலும் அது ஒலித்துக்கொண்டிருக்குமல்லவா, ஏறக்குறைய அந்த நிலை.

இங்கேதான் சிந்திக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. இதே ஏற்பியில், இதே 20-ஆம் எக்ஸானில் இத்தகைய நுழைவு சுவாசப்பையில் காணப்பட்டால், அதனைப் புற்றின் மூலகாரணம் என்று சந்தேகத்துக்கிடமின்றிச் சொல்லுவார்கள். மூக்கிலோ அது பத்தில் ஒன்பது சாதுக் கட்டிகளில் இருந்துகொண்டு, அவற்றுள் பெரும்பாலானவற்றை ஆயுள் முழுவதும் சாதுவாகவே விட்டுவைக்கிறது. இன்னும் சற்று உற்றுப் பார்த்தால், மாற்றமுள்ள கட்டிகளின் விகிதம் புற்றில் அதிகரிக்கவில்லை, சிறிது குறைவாகவே இருக்கிறது. ஆகையால் அந்த மாற்றம் கட்டியைப் பிறப்பிக்கிறதே தவிர, கட்டியைக் கொடியதாக்கும் வேலையை அது மட்டும் தனியே செய்வதில்லை என்றுதான் கொள்ள வேண்டும். முந்தைய ஆய்வாளர்கள் ஏற்பியைப் புற்றின் வாயிலில் நிறுத்தியிருந்தார்கள். புதிய ஆராய்ச்சி அதனைக் கட்டியின் கருவறைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

வாயிலில் நிற்பவை வேறு. உயிரணுவின் மரபுப் பொருளுக்குச் சேதம் நேர்ந்தால் அதன் பிரிவினையை நிறுத்திவைப்பதும், சேதம் மீறிவிட்டால் அந்த உயிரணுவையே மடியச் செய்வதுமான காவல் புரதம் பி53. பிரிவினையின் வேகத்தை அடக்கும் மற்றொரு புரதம் பி16. பாப்பிலோமாவிலிருந்து பிறந்த புற்றுகள் பலவற்றில் இந்தக் காவலர்களின் மரபணுக்கள் சிதைந்தோ தொலைந்தோ போயிருக்கின்றன. சாதுவாக இருக்கும் கட்டியில் அவை பெரும்பாலும் பழுதின்றி இருக்கின்றன. ஓயாது பிரியும் உயிரணுக்கூட்டத்தில் பிரதி எடுக்கும் பிழைகள் சேருவதற்கான சந்தர்ப்பமும் அதிகம். ஏதோவொரு பிழை, ஏதோவொரு நாளில், காவலரின் மரபணுவில் விழுந்துவிடுகிறது. அவ்வாறு விழுவதும் விழாததும் எவற்றைப் பொறுத்தவை என்பது இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்களின் விவாதத்துக்குரியதாகவே இருக்கிறது.

ஏற்பி மாறாத சிறுபான்மைக் கட்டிகளுக்கு வேறொரு பூர்வோத்தரம் உண்டு. மருக்களை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் இவற்றில் இருக்கிறதா இல்லையா என்று வைத்தியர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். ஒருவர் எல்லாவற்றிலும் உண்டென்றும் மற்றொருவர் ஒன்றிலும் இல்லையென்றும் எழுதிய கட்டுரைகளை அடுக்கினால் ஓர் அலமாரி நிறையும். மிச்சிகன் குழுவினர் 2018-இல் இந்த வாதத்துக்கு ஓரளவு சமாதானம் சொன்னார்கள். ஏற்பி மாறிய கட்டிகளில் வைரஸ் இல்லை. வைரஸ் இருக்கும் கட்டிகளில் ஏற்பி மாறவில்லை. இரண்டும் ஒரே இலக்குக்குச் செல்லும் வெவ்வேறு மார்க்கங்கள் போலும். உருளை வடிவ உயிரணுக்களையுடைய அபூர்வ வகையிலோ ஏற்பியும் மாறவில்லை. ஏற்பியின் கட்டளையை உள்ளே எடுத்துச் செல்லும் கே-ராஸ் என்ற புரதத்தின் மரபணு, அவர்கள் ஆராய்ந்த அந்த வகைக் கட்டிகள் அனைத்திலும் மாறியிருந்தது. ஹையம்ஸ் நுண்ணோக்கியை மட்டும் துணைகொண்டு வகுத்த பிரிவை, அரை நூற்றாண்டு நிறைவதற்குச் சற்று முன்னதாகவே மரபணுக்கள் வந்து ஊர்ஜிதம் செய்திருக்கின்றன.

மூலம் தெரிந்துவிட்டால் மருந்தும் கிடைத்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. சுவாசப்பைப் புற்றில் இந்த ஏற்பியின் 19-ஆம், 21-ஆம் எக்ஸான்களில் நேரும் மாற்றங்களை 2004-இல் கண்டறிந்த பிற்பாடு, ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் போன்ற மாத்திரைகளால் எத்தனையோ நோயாளிகளின் கட்டிகள் கரைந்தன. அதே மாத்திரைகள் 20-ஆம் எக்ஸானில் நேரும் நுழைவுக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. மற்ற மாற்றங்கள் மருந்து சென்று பொருந்தும் குழியின் உருவத்தையே மாற்றி, மருந்து நோயுற்ற ஏற்பியை மட்டும் தேடிப் பிடிக்க வசதி செய்துகொடுக்கின்றன. இந்த நுழைவோ குழியை ஏறக்குறையப் பழைய உருவிலேயே விட்டுவைக்கிறது. ஆகவே நோயுற்ற ஏற்பியை அடக்கும் அளவுக்கு மருந்து கொடுத்தால், தோலிலும் குடலிலும் உள்ள நல்ல ஏற்பிகளும் அடங்கிப்போய், உடலெங்கும் தடிப்பும் ஓயாத வயிற்றுப்போக்கும் உண்டாகின்றன. சுவாசப்பைப் புற்றின் இந்த மாற்றத்துக்கென்றே அமைந்த மோபோசெர்ட்டினிப் என்ற மாத்திரைக்கு 2021-இல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. பெரிய பரிசோதனையில் அது எதிர்பார்த்த பலனைக் காட்டாததால் 2023-இல் அதைத் திரும்பப் பெறுவதாகக் கம்பெனியாரே அறிவித்தார்கள். உயிரணுவின் வெளியே நின்று ஏற்பியைப் பிடிக்கும் அமிவான்டமாப் என்ற ஊசி மருந்து நிலைத்திருக்கிறது. இவையெல்லாம் சுவாசப்பையின் கதை. மூக்கின் நோய்க்கு இவற்றைப் பரீட்சிக்கலாமென்றால், போதுமான நோயாளிகளை ஓரிடத்தில் திரட்டுவதே பிரயாசை. சாதுக் கட்டிக்கு இத்தனை உபத்திரவமுள்ள மருந்தைக் கொடுப்பது நியாயமுமன்று.

ஆதலால் ரண சிகிச்சையே இன்றும் பிரதானம். முற்காலத்தில் மூக்கின் ஓரத்தைக் கீறி முகத்தைத் திறந்துதான் இதை முழுமையாக எடுக்க முடிந்தது. தழும்புக்கு அஞ்சி மூக்கின் வழியாகக் கிள்ளியெடுத்தவர்களுக்கோ, நாட்டிங்காம் கணக்கின்படி, மூன்றில் ஒருவருக்குக் கட்டி திரும்ப வந்தது. ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய பௌதிக நிபுணர் அமைத்த கண்ணாடித் தண்டு எண்டோஸ்கோப்பும், அதைக் கொண்டு ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் மூக்கின் அறைகளில் செய்த ஆராய்ச்சிகளும் வந்த பிற்பாடு நிலைமை மாறிற்று. கட்டி எவ்வளவு பெரியதாகப் பரந்திருந்தாலும், அது சுவரோடு ஒட்டியிருக்கும் வேர் பெரும்பாலும் சிறிய இடமே. அந்த இடத்து எலும்பு தடித்து முனைத்திருப்பதை சி.டி. ஸ்கேன் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது. வேரைக் கண்டு, சவ்வை உரித்து, அடியிலுள்ள எலும்பையும் வைரத்தூள் பதித்த துளைக்கருவியால் இழைத்துவிட்டால், முகத்தில் ஒரு கீறலுமின்றி, திரும்ப வருவது எட்டில் ஒருவருக்கு என்ற அளவுக்குக் குறைகிறது.

எடுத்த கட்டியை முழுவதும் நோய்க்குறியியல் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பதில் மட்டும் எந்த நிபுணருக்கும் அபிப்பிராய பேதமில்லை. முன்னதாகக் கிள்ளியெடுத்த துணுக்கில் சாது என்று வந்த முடிவு, கட்டியின் வேறொரு மூலையில் கடுகளவாக ஒளிந்திருக்கும் புற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதன் பிற்பாடு நோயாளி ஆண்டுக்கணக்கில், மூக்கில் எந்த உபத்திரவமும் இல்லாதபோதும், எண்டோஸ்கோப் பரிசோதனைக்கு வந்துபோக வேண்டும். மீண்டும் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை முதல் சில ஆண்டுகளிலேயே வந்தாலும், பத்தாண்டு கழித்து வந்தவையும் உண்டு. திரும்ப முளைத்த சதையைப் பழைய கட்டியின் மறுபதிப்பென்று பாவிக்காமல், அதையும் முழுவதுமாக வெட்டியெடுத்து, அடித்தளப் படலம் எங்கேனும் கிழிந்திருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாக மறுபடியும் பார்க்கிறார்கள்.